நிறுவன இணைப்பு: பண்பாட்டுப் பயிலரங்கு முதலிலா, அதிகார வரையறை முதலிலா?

முகில்: இரு நாட்டு நிறுவனங்கள் இணைந்ததும் பண்பாட்டுப் பயிலரங்குக்குப் பணம் கொட்டுவது வீண். ஜெர்மன் கார் நிறுவனமான டெய்ம்லரும் அமெரிக்கக் கார் நிறுவனமான கிறைஸ்லரும் 1998-ல் 'சமமானவர்களின் இணைப்பு' என்று அறிவித்தன. கிறைஸ்லரை ஒரு பிரிவாக வைப்பதுதான் தொடக்கத்திலிருந்தே எண்ணம் என்று 2000-ல் டெய்ம்லர் தலைவர் ஷ்ரெம்ப்பே பேட்டியில் சொன்னார். 2007-ல் கிறைஸ்லரின் 80.1 சதவீதப் பங்கு செர்பெரஸ் என்ற முதலீட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. யார் முடிவெடுப்பது என்பதை மறைத்த இடத்தில் எந்தப் பயிற்சியும் எடுபடாது.

தேன்மொழி: அந்த உதாரணம் சரி, அதிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவு தவறு. 1999-ல் பிரெஞ்சுக் கார் நிறுவனம் ரெனோ, ஜப்பானின் நிசானில் 36.8 சதவீதப் பங்கு வாங்கியது. நிசானை நிமிர்த்த ரெனோ அனுப்பிய கார்லோஸ் கோன் பல துறை மேலாளர்களைக் கலந்து ஒன்பது குழுக்கள் போட்டார், ஆங்கிலத்தைப் பொதுமொழியாக்கினார். இது பண்பாட்டு வேலை இல்லையா?

முகில்: இல்லை, அமைப்பு வேலை. குழுக்கள் பரிந்துரைத்தன, மேல்மட்டம் முடிவெடுத்தது. பதவி உயர்வில் வயது மூப்புக்கு இருந்த முன்னுரிமையையும் எடுத்தார்கள்.

தேன்மொழி: அமைப்பு மட்டும் போதாது. ஒரு தரப்பில் கூட்டத்துக்கு முன்பே தனித்தனியாகப் பேசி முடித்துவிடுவது வழக்கம். கூட்டத்தில் வாய் திறக்கமாட்டார்கள். மறு தரப்பு அந்த மௌனத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளும். மூன்று வாரம் கழித்து வேலை நகராதபோது 'வேண்டுமென்றே தடுக்கிறார்கள்' என்ற பேச்சு கிளம்பும். இதற்கு மருந்து கூட்டம் நடத்தும் முறையில் இருக்கிறது. 48 மணி நேரம் முன்பே ஆவணத்தை அனுப்புங்கள், கருத்தை எழுத்தில் வாங்குங்கள், இளையவர்களை முதலில் பேசவிடுங்கள். 'ஆட்சேபம் உண்டா?' என்று கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். 'இது எந்த இடத்தில் இடிக்கும்?' என்று கேட்டால் பதில் வரும்.

வேலன்: பொதுமொழியைப் பற்றி ஒன்று. சரளமாகப் பேசுபவர் திறமைசாலியாகத் தெரிவார், வேலை அறிந்தவர் பின்னுக்குப் போவார். முதல் மதிப்பீட்டுச் சுற்றிலாவது பேச்சை ஒதுக்கி, முடித்த வேலையை மட்டும் பாருங்கள். சம்பளம், ஆட்குறைப்பு பற்றிய பேச்சில் மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும். அரைகுறையாகப் புரிந்த ஒரு வாக்கியம் அன்று மாலையே வதந்தியாகிவிடும்.

முகில்: கூட்ட முறையை ஏற்கிறேன், அது பயிலரங்கு அல்ல என்பதால். ஆனாலும் வரிசை மாறக்கூடாது. முதல் 30 நாளில் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர் பெயர், போனஸ் விதி, பயணப்படி மூன்றும் இரு மொழியிலும் எழுத்தில் வரட்டும். ஒரே மேசையில் இரண்டு பயணப்படி இருக்கும்வரை உங்கள் கேள்விக்கு யாரும் மனம் திறந்து பதில் சொல்லமாட்டார்கள்.

தேன்மொழி: 30 நாள் காத்திருக்க முடியாது. அந்த விதிகளை எழுதுவதே இரு தரப்பும் உட்காரும் கூட்டத்தில்தானே?