மறு: ஃபெடரேட்டட் சமூக ஊடகம் – கூட்டாட்சியா, கூட்டுறவா, கூட்டிணைவா?

வணக்கம். தனித்தனி வழங்கிகள் (சர்வர்கள்) ஒன்றோடொன்று பேசி இயங்கும் ‘ஃபெடரேட்டட்’ சமூக ஊடகத்தைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் கலைச்சொல் பேச்சுக்கு என் பதில் இது.

> ‘கூட்டாட்சி ஊடகம்’ என்றே வைத்துவிடலாமே, பாடநூலில் இருக்கிற சொல்தானே?

தமிழ்நாட்டுப் பாடநூலில் சரி. மலேசியாவில் நாங்கள் அதைக் ‘கூட்டரசு’ என்போம், இலங்கையில் ‘சமஷ்டி’. மூன்றுமே ஆட்சியோடு ஒட்டிப்போன சொற்கள். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் யாரிடமாவது ‘கூட்டரசு ஊடகம்’ என்று சொல்லிப் பாருங்கள், அரசு ஒளிபரப்பான ஆர்டிஎம் செய்தியைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

‘கூட்டுறவு ஊடகம்’ எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960இல், தொழிலாளர்கள் சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக அன்றைய அமைச்சர் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை இங்கே பெரியவர்கள் மறக்கவில்லை. ஆனால் அந்தச் சொல் உடைமையைக் குறிக்கிறது. மாஸ்டடான் என்ற ஃபெடரேட்டட் ஊடகத்தின் வழங்கியைத் தனியாள் நடத்தலாம், பல்கலைக்கழகமும் நடத்தலாம். மற்ற வழங்கிகளோடு ஒரே நெறிமுறையில் பேசினால் போதும். 2018இல் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி பரிந்துரைத்த ஆக்டிவிட்டிபப் என்ற நெறிமுறை அதற்குத்தான்.

இதனால் பயனருக்கு என்ன லாபம் என்று ஒருவர் கேட்டிருந்தார். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடு கம்பெனியுடையது; வேலை போனால் வீடும் போகும், அக்கம்பக்கமும் போகும். பெரிய தளங்களில் நம் கணக்கும் அப்படித்தான். தோட்டம் கைமாறி, கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் சிதறியவர்கள் பழைய தமிழ்ப்பள்ளியின் பெயரில் குழு வைத்துப் பேசிக்கொள்கிறார்கள். தளம் கதவடைத்தால் அந்தத் தொடர்பு அறுந்தது. கூகிள் பிளஸ் 2019இல் மூடப்பட்டபோது பதிவுகளைத் தரவிறக்க முடிந்தது; பின்தொடர்ந்தவர்களை வேறு தளத்துக்குக் கூட்டிப்போக முடியவில்லை. மாஸ்டடானில் வழங்கி மாறினால் அவர்களும் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது, அது குறைதான். பழைய வழங்கி உயிரோடு இருக்கும்போதே கிளம்பவும் வேண்டும்.

அதனால் என் வாக்கு ‘கூட்டிணைவு’க்கு. அரசும் இல்லை, உடைமையும் இல்லை. தனித்தனியாக இருப்பவை சேர்ந்து இயங்குவது மட்டும் தெரிகிறது. ‘கூட்டிணைந்த வழங்கிகள்’, ‘கூட்டிணைவு ஊடகம்’ என்று வளைந்தும் கொடுக்கிறது. இப்படி இணைந்த வழங்கிகள் எல்லாம் சேர்ந்த ஃபெடிவெர்ஸைக் ‘கூட்டிணைவெளி’ ஆக்கலாம், கொஞ்சம் நாக்கு புரளும்.

ஒரு வழங்கி இன்னொன்றோடு தொடர்பை வெட்டிக்கொள்வதற்கு இப்போதைக்குக் ‘கூட்டிணைவு நீக்கம்’ என்று குறித்திருக்கிறேன். ‘நீக்கம்’ ஆளையே வெளியேற்றுவதுபோல் ஒலிக்கிறது. ‘துண்டிப்பு’ மேல் என்றால் எழுதுங்கள், கலைச்சொல் பட்டியலில் மாற்றிவிடுகிறேன்.

சுங்கை சிப்புட், பேராக்