மலைப் பேனா சேகரிப்பு: அடுத்து எது, பெசன்ட் நகர் ஈரத்தில் எப்படிக் காப்பது?

கூர்முனை:

வணக்கம். மலையோடு தொடர்புள்ள இங்க் பேனாக்களை மட்டும் நாலைந்து சேர்க்கலாம் என்று எண்ணம். கையில் இருப்பது பிளாட்டினம் 3776 செஞ்சுரி ஒன்றுதான், மெல்லிய கோடு போடும் எஃப் நிப். அடுத்து மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்: பழைய மான்ட்பிளாங்க் 149 ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது, விஸ்கோன்டி ஹோமோ சேப்பியன்ஸ், மான்டெகிராப்பா செல்லுலாய்டில் ஒன்று.

149 அசலா என்று எப்படிப் பார்ப்பது? எரிமலைக் குழம்பில் செய்த பேனா தினமும் எழுதத் தாங்குமா? வீடு பெசன்ட் நகர், கடலுக்கு இரண்டு தெரு தள்ளி. பீரோவில் பூட்டி வைத்தால் போதுமா? எல்லாவற்றையும் எழுதத்தான் போகிறேன், கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க இல்லை.

இரிடியம்:

நல்ல பட்டியல். ஆனால் இந்த நான்கிலும் மலை ஒரே மாதிரி இல்லை.

பிளாட்டினத்தில் மலை ஓர் எண்ணாக இருக்கிறது. 3776 என்பது ஃபியூஜியின் உயரம், மீட்டரில். முதல் 3776 வந்தது 1978இல், உங்களிடம் இருக்கும் செஞ்சுரி வடிவம் 2011இல். மான்ட்பிளாங்க்கிலும் அதே கதைதான்: நிப்பில் மான்ட் பிளாங்க் மலையின் உயரமாக 4810, மூடியின் தலையில் பனிச்சிகரத்தைக் குறிக்கும் வெள்ளை நட்சத்திரம். மலை மட்டும் பேச்சுக் கேட்பதில்லை. உச்சியில் பனி ஏறி இறங்குவதால் 2021 அளவையில் 4807.81, 2023இல் 4805.59. நிப்பில் உள்ள எண் அசையவில்லை. மான்டெகிராப்பாவுக்கு மலையோடு ஊர்த் தொடர்பு மட்டுமே: 1912இல் தொடங்கிய இடம் பஸ்ஸானோ டெல் கிராப்பா, அதன் பின்னால் நிற்கிறது 1775 மீட்டர் மான்டே கிராப்பா. மலையே கையில் உட்காருவது ஹோமோ சேப்பியன்ஸில்தான். எட்னா எரிமலையின் பசால்ட் குழம்புப் பாறையைப் பொடித்து ரெசினோடு சேர்த்த உடல் அது.

வாங்கும்போது பெயரை விடப் பொருளைப் பாருங்கள். உங்கள் பட்டியலில் பிளாஸ்டிக், ரெசின், பாறைக் கலவை, செல்லுலாய்டு என்று நான்கும் நான்கு வகை. கழுவுவதும் வைப்பதும் ஒவ்வொன்றுக்கும் வேறு. என் வரிசை: முதலில் 149, பிறகு ஹோமோ சேப்பியன்ஸ், செல்லுலாய்டு கடைசி. சென்னையில் அதுதான் அதிகம் படுத்தும்.

இடையில் பணம் மிச்சம் இருந்தால் 3776இலேயே ஃபியூஜி ஐந்து ஏரிகள் வரிசையைத் தேடலாம்: மோட்டோசு, ஷோஜி, சாய், யமனாக்கா, கவாகுச்சி. உடல் ஒளி ஊடுருவும் வகை என்பதால் உள்ளே கறை பிடித்தால் விலை விழுந்துவிடும். கன்வெர்ட்டரை, அதாவது மை உறிஞ்சும் தனிக் குழாயைக் கழற்றி, உடலின் உட்புறத்தை டார்ச் அடித்துப் படம் அனுப்பச் சொல்லுங்கள். நூட்லர்ஸ் பேஸ்டேட் புளூ மாதிரி கறை பிடிக்கும் மைகளை இவற்றின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பாரிமுனை_பழசு:

149 பற்றி மட்டும் சொல்கிறேன். விற்பவரிடம் ஆறேழு கோணத்தில் படம் கேளுங்கள். தயங்கினால் விட்டுவிடுங்கள்.

முதலில் மை நிரப்பும் முறை. 149 பிஸ்டன் மட்டுமே, அதாவது பேனாவின் உடலுக்குள்ளேயே ஏறி இறங்கி மை உறிஞ்சும் அடைப்பான். அந்தப் பெயரில் கன்வெர்ட்டரோ கார்ட்ரிட்ஜோ இருந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டியதில்லை, போலி. பின்குமிழைத் திருப்பினால் பிஸ்டன் இறங்கி மை ஜன்னலில் தெரிய வேண்டும். ஜன்னல் வரிவரியாக, உண்மையிலேயே ஒளி புகும்படி இருக்கும். போலியில் பெயிண்ட் அடித்த பட்டையாக இருக்கும்.

அடுத்து மூடி. நட்சத்திரம் பதித்தது, ஒட்டியது இல்லை. நகத்தால் தடவினால் விளிம்பு தட்டக் கூடாது. நடு வளையத்தில் மைஸ்டர்ஸ்டுக் என்ற சொல்லில் யு எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி இருக்கிறதா பாருங்கள். கிளிப் வளையத்தில் வரிசை எண் பொறிக்க ஆரம்பித்தது 1990களின் தொடக்கத்தில்தான். அதற்கு முந்தைய பேனாவில் எண் இல்லை என்பதற்காகப் போலி என்று ஒதுக்காதீர்கள். போலிகளிலும் எண் இருக்கும், ஒரே எண் பல பேனாக்களில். அந்த எண்ணை இணையத்தில் தேடிப் பார்ப்பது இரண்டு நிமிட வேலை.

ஒளிச் சோதனை: இருட்டறையில் மூடிக்குள் சிறு டார்ச்சை வைத்தால், கறுப்பு ரெசின் அடர் சிவப்பாக ஒளிரும். சாதாரணக் கறுப்புப் பிளாஸ்டிக் ஒளிராது. 1950களின் செல்லுலாய்டு 149க்கு இந்தச் சோதனை பொருந்தாது.

நிப்பில் பலர் ஏமாறுவது காந்தத்தால். தங்கத்தைக் காந்தம் இழுக்காது, சரிதான். ஆனால் பல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகைகளையும் இழுக்காது. இழுத்தால் போலி என்று சொல்லலாம், இழுக்காவிட்டால் எதுவும் சொல்ல முடியாது. இப்போதைய 149 நிப் 18 காரட், 750 முத்திரை. 1980களில் வந்தவற்றில் 14 காரட், 585 உண்டு. அதுவும் அசல்தான்.

அசல் என்று தெரிந்த பிறகு நிலை. பத்து மடங்கு லென்ஸில் மூடியின் வாய் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். அந்த ரெசின் கீழே விழுந்தால் மயிரிழை விரிசல் விடும், முதலில் அங்கேதான். பிறகு பிஸ்டன் சீல்: சுத்தமான தண்ணீரை நிரப்பி, நிப்பைத் துடைத்து, டிஷ்யூ விரித்த டம்ளரில் நிப் கீழாக ஒரு இரவு வையுங்கள். காலையில் ஓரிரு துளி ஈரம் பரவாயில்லை. டிஷ்யூ ஊறிக் கிடந்தாலோ, பிஸ்டனுக்குப் பின்னால் தண்ணீர் தெரிந்தாலோ சீல் போய்விட்டது. குமிழ் இறுக்கமாக இருந்தால் பலம் கொடுக்காதீர்கள், காய்ந்த மை சுவரோடு பிடித்திருக்கும். நிப்பைச் சாதாரணத் தண்ணீரில் ஊற வைத்து, ஒரு நாள் விட்டு மெதுவாகத் திருப்புங்கள். வெந்நீர் கூடவே கூடாது. நிப் தொகுதியைத் திருகிக் கழற்றத் தனிச் சாவி வேண்டும். இடுக்கி போட்டவர்களின் பேனாக்கள் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எட்னா_கறுப்பு:

ஹோமோ சேப்பியன்ஸ் தினசரி எழுதத் தாங்கும். ரெசின் மாதிரி எளிதில் கீறல் தெரியாது, கையில் வழுக்காது. உடல் லேசாக ஈரம் உறிஞ்சும், வியர்க்கும் கைக்கு அதுதான் வசதி. ஆனால் மையையும் உறிஞ்சும். நிரப்பிய கையோடு கழுத்தைத் துடைத்துவிட வேண்டும். மெழுகு, பாலிஷ் எதுவும் போடாதீர்கள், பாறையின் மேல் பிசுக்காக நின்றுவிடும்.

நிரப்பும் முறை பிஸ்டன் இல்லை, வெற்றிட முறை. பின்குமிழைத் திருகித் தளர்த்தி, கம்பியை முழுவதும் வெளியே இழுங்கள். நிப் முழுக்க மூழ்கி, கழுத்தின் நுனியும் மைக்குள் இருக்க வேண்டும். இப்போது கம்பியை ஒரே மூச்சில் அடிவரை தள்ளுங்கள். தள்ளும்போது மை வராது, அடியைத் தொட்ட பிறகுதான் குபுக்கென்று ஏறும். உடனே எடுக்காமல் பத்து விநாடி பொறுங்கள். பாதிதான் நிரம்பியது என்று குறை சொல்பவர்களில் பெரும்பாலோர் இந்தப் பத்து விநாடியைக் கொடுக்காதவர்கள், அல்லது பாட்டிலில் மை தாழ்ந்துவிட்டது.

இரட்டை அறை உள்ள மாதிரியில், நாலைந்து பக்கம் எழுதியதும் கோடு வெளுக்கும். மை தீரவில்லை. பின்குமிழை இரண்டு சுற்றுத் தளர்த்தி, நிப் கீழாகச் சற்றுப் பிடித்தால் பின்னறையிலிருந்து மை முன்னால் வரும், பிறகு மூடிவிடலாம். இதே காரணத்தால் கழுவுவது சள்ளை பிடித்த வேலை, ஐந்தாறு தடவை நிரப்பித் தள்ள வேண்டும். மினுமினுப்பு மை, கார்பன் மை, இரும்பு கலந்த மை மூன்றையும் தவிர்த்துவிடுங்கள்.

செகண்ட் ஹேண்ட் என்றால் நிப்பைக் கவனியுங்கள். பழையவற்றில் 23 காரட் பல்லேடியம், பிறகு வந்தவற்றில் 18 காரட் தங்கம். பல்லேடியம் மிருதுவானது, அழுத்தி எழுதியவர் கையில் இருந்திருந்தால் இரு முனைகளும் விரிந்து, மீண்டும் சேராமல் நிற்கும். லென்ஸில் நேர் எதிரே பார்த்தால் ஒரு முனை மேலேயும் ஒன்று கீழேயும் தெரியும்.

கடற்கரைக்காரர் என்பதால் இன்னொன்று: வெண்கல வேலைப்பாடு உள்ளது வாங்கினால் சீக்கிரமே கறுக்கும், பச்சையும் ஏறலாம். சிலருக்கு அதுவே அழகு, எனக்கும்தான். பிடிக்காதென்றால் ஸ்டீல் வேலைப்பாடு உள்ளதை வாங்குங்கள். பித்தளைப் பாலிஷை வெண்கலத்தில் தேய்த்தால் பக்கத்துப் பாறையில் வெள்ளையாகப் படியும், திரும்ப வராது.

கடற்காற்று:

பீரோ போதாது. சுவரோடு ஒட்டிய இரும்பு பீரோ மழைக்காலத்தில் உள்ளே வேர்க்கும்.

149, 3776, ஹோமோ சேப்பியன்ஸ் மூன்றையும் எழுதாத நாட்களில் கழுவி, காயவைத்து, ரப்பர் விளிம்பு இல்லாத இறுக்கமான பெட்டியில் வையுங்கள். 5 லிட்டர் பெட்டிக்கு 50 கிராம் சிலிக்கா ஜெல் போதும். ஆரஞ்சு மணி வாங்குங்கள், நீலம் வேண்டாம், அதில் கோபால்ட் இருக்கும். நிறம் மாறியதும் 110 முதல் 120 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் சூடாக்கினால் மறுபடி வேலை செய்யும். உள்ளே சின்ன டிஜிட்டல் ஈரமானி ஒன்று. 45 முதல் 55 சதவீதம் இருந்தால் போதும். 30க்குக் கீழே போக விடாதீர்கள், மரமும் அரக்குப் பூச்சும் வறண்டு போகும்.

செல்லுலாய்டு இந்தப் பெட்டிக்குள் வரவே கூடாது. அது மெதுவாக நைட்ரஜன் ஆக்சைடு என்ற அமில வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும், காற்றோட்டம் இல்லாமல் அடைத்தால் தானே அழியும், பக்கத்து உலோகத்தையும் அரிக்கும். தனியாகப் பருத்திப் பையில், வெயில் படாத மர மேசை இழுப்பறையில் வையுங்கள். பூஜை அறை விளக்குப் பக்கம் வேண்டாம், எளிதில் தீப்பிடிக்கும் பொருள். வெள்ளி வேலைப்பாடு உள்ள பேனாவோடு எபோனைட் (கெட்டியாக்கிய ரப்பர்) பேனாவை வைக்காதீர்கள். எபோனைட்டில் கந்தகம் நிறைய, வெள்ளி கறுத்துவிடும். ரப்பர் பேண்டும் அப்படியே.

கழுவ போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நிப்புக்கு அடியில் உள்ள ஃபீடின் நுண்ணிய வாய்க்கால்களில் உப்புப் படிந்தால் மை வருவது சீராக இருக்காது. ஆர்.ஓ. தண்ணீர் பரவாயில்லை. பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பேட்டரி வாட்டர் அதைவிட நல்லது, ஒரு லிட்டர் பல மாதம் வரும். லேபிளில் ஆசிட் என்று இல்லையா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். கடைசியாக ஒரு தடவை கழுவ மட்டும் அதை வைத்துக்கொண்டாலும் போதும்.

மைப் பாட்டிலிலும் இந்த ஊர் ஈரம் கைவைக்கும். மேலே ஆடை மாதிரியோ, நிப்பில் நூல் மாதிரியோ ஏதாவது வந்தால் பூஞ்சை. பாட்டிலை அப்படியே கொட்டிவிடுங்கள், வடிகட்டிப் பயனில்லை. பேனாவில் மிஞ்சிய மையைப் பாட்டிலுக்குத் திருப்பி விடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

கூர்முனை:

மிக்க நன்றி. செல்லுலாய்டைத் தள்ளிப்போடுகிறேன். இரண்டு சந்தேகம். 3776ஐ மை போட்டபடி மூன்று மாதம் விட்டால் காயாது என்கிறார்களே, உண்மையா? செல்லுலாய்டுக்குப் பதில் நம் ஊர்ப் பக்கம் ஏதாவது உண்டா?

இரிடியம்:

உண்மைதான், மூடி சரியாக இருந்தால். மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த உள்மூடி இருக்கிறது. திருகும்போது கடைசியில் லேசாக எதிர்ப்புத் தெரிய வேண்டும், அதுதான் அடைப்பு. மை 24 மாதம் காயாது என்பது நிறுவனத்தின் கணக்கு. கார்பன் மைக்கு இதை நம்ப வேண்டாம். உள்மூடியைக் குச்சியால் நோண்டிச் சுத்தம் செய்யாதீர்கள்.

பாரிமுனை_பழசு:

நம் ஊர்ப் பக்கம் என்றால் திருவள்ளூர் ரங்கா, கையால் கடைந்த எபோனைட் பேனா. பச்சையும் பழுப்பும் கலந்த அலை எபோனைட் எடுத்து, தொட்டபெட்டாவின் 2637 என்ற எண்ணை உள்ளூர் பொறிப்புக்காரரிடம் உடலில் வெட்டச் சொல்லுங்கள். பிளாட்டினத்துக்கு 3776 என்றால் நீலகிரிக்கும் ஓர் எண் இருக்கட்டுமே. பாரிமுனையில் ஜெம் அண்ட் கோ பக்கம் போய்ப் பல நிப்புகளை எழுதிப் பார்த்துவிட்டு அளவைச் சொல்லுங்கள். ஜப்பான் எஃப் பொதுவாக ஜெர்மன் இ.எஃப். (இன்னும் மெல்லிய கோடு) அளவுக்குத்தான் வரும், உங்கள் 3776ஐ வைத்து முடிவு செய்தால் தடித்த கோடு வந்து சேரும்.

கன்வெர்ட்டர் போடாமல் உடலிலேயே மை ஊற்றினால், திருகுமறையில் சிலிக்கான் கிரீஸ் கடுகளவு தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம். மை மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கியதும் நிரப்பிவிடுங்கள். அதற்கும் கீழே போனால், கைச்சூட்டில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து காகிதத்தில் மைக்குட்டை போடும், மே மாதத்தில் நிச்சயம். எபோனைட்டை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டாலும், வெந்நீர் காட்டினாலும் பச்சை போய்ச் சாம்பல் ஏறும். நிப்பும் கழுத்தும் மட்டும் தண்ணீரைத் தொட்டால் போதும், உடலை உள்ளே சிரிஞ்சால் அலசி உடனே துடைத்துவிடுங்கள்.