மடக்குப் பொல்லும் கைவிலங்கும்: நம்ம மழைக்கும் குளிருக்கும் எது சரிவரும்?

கொழுந்துமலை கேட்டது:

ஹட்டன் பக்கம் பொலிஸ் டியூட்டி. ஸ்டேஷனில் தந்த மரப்பொல்லு ஜீப்பில் ஏறி இறங்கும்போதும் தோட்டத்துப் படிகளில் ஓடும்போதும் காலில் தட்டுது. உதறினால் நீளுற மூன்று குழாய்ப் பொல்லு ஒன்றும், ஒரு சோடி கைவிலங்கும் சொந்தக் காசில் வாங்க யோசனை. பொல்லு 16, 21, 26 அங்குலத்தில் இருக்கு. விலங்கில் சங்கிலி வைத்ததும் இருக்கு, கீல் வைத்ததும் இருக்கு. மே மாதம் பிடிக்கிற மழை செப்டம்பர் வரைக்கும் விடாது. டிசம்பர் போயாவில் இருந்து வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை சீசன் டியூட்டி, இரவெல்லாம் குளிர். தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்க.

கல்லுக்கட்டு:

தம்பி, முதல் வேலை அனுமதி. ஸ்டேஷன் தராத சாமானை இடுப்பில் கட்டுறதுக்கு முன்னால பொறுப்பதிகாரியிடம் எழுத்தில் வாங்கிக்கோங்க. விசாரணை என்று வந்தால் வாய்ப்பேச்சு நிற்காது.

நீளம் 21 போதும். மடக்கினால் ஏறக்குறைய 8 அங்குலம். உருக்கில் செய்தது அரைக் கிலோ அளவு வரும். 26 மடக்கினாலும் 10 அங்குலத்துக்குக் கிட்ட வரும், ஜீப் சீட்டில் உட்கார்ந்தால் விலாவில் குத்தும். அதைவிடப் பெரிய கரைச்சல் தோட்டத்து லயத்து வீடுகளுக்குள்ள. பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா, அதுக்குள்ள கட்டில், அலுமாரி, நாலைந்து ஆட்கள். 26ஐ உதறினால் இஸ்தோப்புத் தகரத்தில் படும், இல்லையென்றால் பக்கத்தில் நிற்கிற பிள்ளை மேல படும். 16 சிவில் உடுப்புக்குள்ள மறைத்து வைக்கிறவர்களுக்கு. பொல்லு எடுக்கிறதே உங்களுக்கும் எதிராளிக்கும் நடுவில் தூரம் வைக்கத்தான்; அந்தத் தூரத்தை 16 தராது.

கவ்வாத்துக் கத்தியோடு ஒருத்தர் நின்றால் எந்த அளவுப் பொல்லும் பதில் இல்லை. பின்வாங்கி, சுற்றி நிற்கிறவர்களை விலக்கி, மேலதிக ஆட்களைக் கூப்பிடணும்.

இனி பூட்டு. இறுக்கப் பூட்டு வகையில் ஒவ்வொரு குழாயின் அடியும் கொஞ்சம் விரிந்திருக்கும், அதுக்கு வெளியே இருக்கிற குழாயின் வாய் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். உதறுற வேகத்தில் ஒன்றுக்குள் ஒன்று இறுகி நிற்கும். அரைமனசாக உதறினால் நீண்ட மாதிரித் தெரியும், ஆனால் முதல் அடியிலேயே உள்ளே போயிடும். உதறினதும் நுனியைக் கையால் ஒருமுறை இழுத்துப் பார்க்கிற பழக்கம் பயிற்சியிலேயே வரணும். கூரை தாழ்ந்த இடத்தில் மேலே உதறாதீங்க, தரையைப் பார்த்து உதறுங்க.

மடக்கும்போது நுனியை நேர் செங்குத்தாகக் கல்லில் குத்தணும். தேயிலை மலைக்குள்ள ஈர மண்ணில் எத்தனை தரம் குத்தினாலும் மடங்காது, சேறுதான் ஏறும். ஆனால் மலையில் கல்லுக்கட்டுக்கும் கருங்கல் படிக்கும் என்ன குறை? அதில் குத்துங்க. சரிவாகக் குத்தினால் குழாய் வளையும். ஒருமுறை வளைந்தது திரும்ப ஒழுங்காக வேலை செய்யாது. இறுகிப் போனால் நடுக்குழாயைப் பிடித்து லேசாக முறுக்கிவிட்டுக் குத்துங்க.

கைப்பிடியின் அடிமூடிக்குள்ள இரண்டு கால் வைத்த ஒரு கம்பிக் கிளிப் இருக்கும். மடக்கின பொல்லு தானாக நீளாமல் பிடிக்கிறது அதுதான். கால்களை விரித்தால் பிடி கூடும், நெருக்கினால் குறையும். நுனி கீழே பார்க்கப் பிடித்து லேசாக ஆட்டும்போது குழாய் இறங்கக் கூடாது, பலமாக உதறினால் தாராளமாக வரணும். அந்த இடம்தான் சரி. அடிமூடியைக் கிழமைக்கு ஒருதரம் முறுக்கிப் பாருங்க. அது கழன்றால் குழாய்கள் பின்பக்கமாக வெளியே விழும்.

குழாயில் எண்ணெய் மட்டும் பூசவே பூசாதீங்க. இறுக்கம்தான் அதன் பூட்டு. காய்ந்த துணியால் துடைத்தால் போதும். கறுப்புப் பூச்சு மட்டும் உள்ளது நம்ம ஈரத்துக்குச் சீக்கிரம் துரு பிடிக்கும், குரோம் பூச்சு தாங்கும். பிடி வரிவரியாக வெட்டின ரப்பரில் இருக்கட்டும். ஸ்பொன்ஞ் மாதிரியான பிடியில் பசை விட்டுப் போனால் கைக்குள்ளேயே சுழலும்.

டிக்கோயா மழை:

கல்லுக்கட்டு அண்ணே, ஒரு இடத்தில் மட்டும் உடன்பாடு இல்லை. அடியில் பட்டன் அமுக்கி மடக்குற வகையையும் தம்பி பார்க்கணும். சீசன் நேரம் படிக்கட்டில் ஆயிரக்கணக்கான பேர், கைக்குழந்தையோடு பெண்கள், வயசாளிகள். அந்த நெரிசலில் குனிந்து கல்லில் டக்கென்று குத்தி மடக்கினால் நாலு பேர் மிரளுவாங்க. பட்டன் வகையை உள்ளங்கையால் தள்ளிச் சத்தமில்லாமல் மடக்கலாம். அரைகுறையாக இறுகுற பிரச்சினையும் இல்லை, பூட்டு விழுந்தால் விழுந்ததுதான். குறை என்னவென்றால் உள்ளே சின்னச் சின்ன உருப்படிகள். மணல் போனால் பட்டன் அமுங்காது. விலையும் கூட.

கல்லுக்கட்டு:

நெரிசலுக்குச் சொன்னது நியாயம். ஆனால் ஆறு மாதம் சேற்றில் நிற்கிற ஆளுக்கு நான் இன்னும் இறுக்கப் பூட்டைத்தான் சொல்லுவேன். கெட்டால் கையாலேயே கழற்றிப் பார்த்துச் சரிசெய்யலாம்.

பனிமூட்டம்:

விலங்கைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. பொல்லு வருசத்துக்கு ஒருதரம் வெளியே வந்தாலே அதிகம். விலங்கு அடிக்கடி வரும், அதில்தான் ஆட்களுக்குக் காயமும் வருது.

சங்கிலி வைத்ததை வாங்குங்க. கீல் வைத்தது கையை நன்றாகக் கட்டுப்படுத்தும், அது உண்மை. ஆனால் தோள் பருத்தவருக்குப் பின்னால் பூட்டுறது கஷ்டம், இருட்டில் சாவித் துளையைத் தேடுறது அதைவிடக் கஷ்டம். சறுக்குற சரிவில் நின்று பூட்டுறதுக்குச் சங்கிலிதான் இடம் கொடுக்கும்.

நல்ல சங்கிலி விலங்கு 280 கிராம் அளவில் இருக்கும். வாங்கும்போது விலங்கின் பல் வைத்த கையைத் தள்ளிப் பாருங்க. இரட்டைத் தகட்டுக்கு நடுவால் புகுந்து, மறுபக்கம் வெளிவந்து, எங்கேயும் தடங்காமல் முழுச் சுற்று வரணும். 1912இல் கார்னி என்பவர் காப்புரிமை எடுத்த அமைப்பு அது. பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு இருந்து, அதைத் தட்டினால் சாவி இல்லாமலே திறக்குது என்றால் அது விளையாட்டுச் சாமான், வைத்துவிட்டு வாங்க. அமெரிக்காவின் தேசிய நீதி நிறுவனம் 1982இல் வெளியிட்ட 0307.01 என்ற தரம் பெட்டியில் எழுதியிருந்தால் நல்லது. நம்ம ஈரத்துக்குத் துருப்பிடிக்காத உருக்கு. நிக்கல் பூச்சு உரிகிற இடம் பற்கள்தான், துரு முதலில் பிடிக்கிறதும் அங்கேதான்.

டபுள் லொக், அதாவது பூட்டின பிறகு பல் மேலும் இறுகாமல் பிடிக்கிற இரண்டாவது பூட்டு, இல்லாத விலங்கு வேண்டவே வேண்டாம். அது போடாவிட்டால், ஆள் ஜீப்பில் சாய்ந்து உட்காரும்போதே பல் இன்னும் இரண்டு மூன்று உள்ளே போகும். கட்டைவிரல் பக்கம் தோலுக்குக் கீழேயே ஓடுற நரம்பு அப்போது நசியும். கட்டைவிரலின் பின்புறம் மரத்துப் போய், அந்த மரப்பு கிழமைக் கணக்கில் நிற்கும். கொழுந்து எடுக்கிற கைக்கு அது என்ன ஆகும் என்று யோசியுங்க. பூட்டினதும் சின்னவிரல் நுனி உள்ளே போகுதா என்று பாருங்க, பிறகு டபுள் லொக் விழ, சாவியின் கூர்முனையால் விலங்கின் பக்கத்தில் இருக்கிற ஊசியை அமுக்குங்க. திறக்கும்போது சாவியை முதலில் எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் டபுள் லொக் விடும், அப்புறம் மறுபக்கம் திருப்பணும். பல பேர் இதை மறந்து சாவியை முறிக்கிறாங்க.

எண்ணெய் பற்றி ஒன்று கட்டாயம் சொல்லணும். தேங்காயெண்ணெய் விடாதீங்க. 24 பாகைக்குக் கீழே அது உறையும். நுவரெலியா வீடுகளில் போத்தலுக்குள்ளேயே வெள்ளையாகக் கட்டிப்பட்டு நிற்கிறதைப் பார்த்திருப்பீங்க. அதே மாதிரி பூட்டுக்குள்ள உறைந்தால் பல்லைக் கவ்வுற நாக்கை அழுத்துற ஸ்பிரிங் மந்தமாகி, பல் கவ்வாமல் வழுக்கும். தையல் மெஷின் எண்ணெய், பல் வைத்த கை சுற்றுற கீலுக்கு ஒரு சொட்டு, ஊசிக்கு ஒரு சொட்டு. மிச்சத்தைத் துடைத்துவிடுங்க, பஞ்சு ஒட்டும். தோல் உறையும் வேண்டாம். மழைக்காலத்தில் பூஞ்சணம் பூக்கும், ஈரத்தைப் பிடித்து ஒரே இரவில் துரு ஏற்றும். வாய் திறந்த பிளாஸ்டிக் உறை போதும்.

கொழுந்துமலை:

எல்லாருக்கும் நன்றி. இரவில் எல்லாரும் ஸ்வெட்டர், ஜேர்க்கின் போட்டுத்தான் இருப்பாங்க. துணிக்கு மேல பூட்டலாமா?

பனிமூட்டம்:

கூடாது. துணி நசிந்ததும் விலங்கு தளர்ந்து கை உருவிடும், இல்லையென்றால் கம்பளி நூல் பல்லில் சிக்கும். ஸ்வெட்டர் கையை மேலே ஏற்றிவிட்டு, மணிக்கட்டு எலும்புக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் பூட்டுங்க. கடிகாரம், வளையல், சாமிக் கயிறு எல்லாத்தையும் பாருங்க. குளிரில் விரல் ஏற்கனவே மரத்திருக்கும், இறுக்கம் அவருக்கே தெரியாது. அதனால் பத்துப் பதினைந்து நிமிசத்துக்கு ஒருதரம் நீங்களே நகத்தை அமுக்கிப் பாருங்க, நிறம் உடனே திரும்பணும். மாற்றுச் சாவி கூட வருறவரிடம் இருக்கட்டும்.

நல்லதண்ணி வழி:

இரண்டு விசயம் விட்டுப்போச்சு.

லயத்தில் இருந்து ரோட்டுக்கு இறங்குற படி. கை பின்னால் பூட்டியிருந்தால் சறுக்குறவரால் ஊன்ற முடியாது, முகம்தான் கல்லில் படும். ஒருத்தர் முழங்கைக்கு மேல பிடித்து நடக்கணும், இன்னொருத்தர் ஒரு படி கீழே நின்று டோர்ச் அடிக்கணும். வயசாளி, கர்ப்பிணி, நோயாளி என்றால் விலங்கு தேவையா என்றே முதலில் யோசியுங்க. பூட்டின ஆளைக் குப்புறப் படுக்க வைத்து மேலே அழுத்தி வைக்காதீங்க, மூச்சு நிற்கும். உடனே பக்கவாட்டில் திருப்பி உட்கார வையுங்க.

அடுத்தது சட்டம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், கைதானவர் தப்பாமல் இருக்கத் தேவையான அளவுக்கு மேல கட்டுப்படுத்தக் கூடாது என்று சொல்லுது. அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை கொடூரமான, இழிவான நடத்தையைத் தடை செய்யுது. அதை மீறினால், பாதிக்கப்பட்டவர் 126ஆம் உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்கு (சுப்ரீம் கோர்ட்) போகலாம். தலை, கழுத்து, முதுகெலும்பு, சிறுநீரகப் பக்கம் இதிலெல்லாம் பொல்லு படவே கூடாது. தொடையின் சதை, கெண்டைக்கால், அவ்வளவுதான். உருக்கு நுனி சின்னது, எலும்பில் பட்டால் முறியும். ஓங்குறதுக்கு முன்னால தமிழிலும் சிங்களத்திலும் சத்தமாகச் சொல்லுங்க: “பின்னால போங்க”, “பஸ்ஸட்ட யன்ன”. எத்தனை மணிக்குப் பூட்டினீங்க, டபுள் லொக் போட்டீங்களா, எத்தனை மணிக்குக் கழற்றினீங்க, கையில் தடம் இருந்ததா என்கிறதை அன்றைக்கே குறிப்புப் புத்தகத்தில் எழுதிடுங்க.