மின்கார் காட்ட வரும் தன்னார்வலர்கள் யாருடைய ஆட்கள்?

சன்னிவேல் குமரன்:
போன சனிக்கிழமை மகளோடு இங்கே கலிபோர்னியாவில் எங்கள் ஊர் நூலகத்துக்குப் போனேன். வாசலில் பத்துப் பதினைந்து மின்கார்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் சொந்தக்காரர். எதையும் விற்கவில்லை, போன் நம்பர்கூடக் கேட்கவில்லை. இவர்களுக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? பழைய மின்கார் ஒன்று வாங்க நினைக்கிறேன். ஒரு விற்பனையாளரிடம் பேட்டரியைப் பற்றிக் கேட்டால், பேச்சை மாற்றிப் பெட்ரோல் கார் பக்கம் கூட்டிப் போனார். இவர்கள் சொல்வதையாவது நம்பலாமா?

லீஃப் அக்கா, பிரீமாண்ட்:
தம்பி, நானும் அப்படி நிற்பவள்தான். எங்களுக்கு யாரும் காசு கொடுப்பதில்லை. மதியச் சாப்பாடும் வீட்டு எலுமிச்சை சாதம்தான். நிகழ்ச்சிக்குக் கார் கம்பெனிகள் நன்கொடை தருவது உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் காருக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு அதில் ஒரு காசுகூட வராது.

இந்த நிகழ்ச்சிகளுக்குப் பின்னால் இருப்பவை மின்கார் ஆர்வலர்களின் அமைப்புகள். அதில் எலக்ட்ரிக் ஆட்டோ அசோசியேஷன் 1967-இல் நம் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில்தான் தொடங்கியது. அப்போது கடையில் மின்கார் ஏது? எஞ்சினைக் கழற்றிவிட்டு மோட்டாரையும் ஈய பேட்டரியையும் தாங்களே பொருத்தி ஓட்டினார்கள். இன்னொரு அமைப்பான பிளக் இன் அமெரிக்கா பிறந்தது ஒரு வருத்தத்தில். ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இலிருந்து ஈவி1 என்ற மின்காரைக் குத்தகைக்கு மட்டுமே விட்டது. அப்புறம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துக்கொண்டு பெரும்பாலானதை நசுக்கிப் போட்டது. 2005-இல் தெற்குக் கலிபோர்னியாவின் பர்பாங்கில் கடைசியாக நின்ற 78 கார்களுக்காக, ஓட்டியவர்கள் வாரக்கணக்கில் ராப்பகலாய்க் காவல் இருந்தார்கள். காருக்கு 24,000 டாலர் தருகிறோம் என்றும் கேட்டுப் பார்த்தார்கள். கொடுக்கவில்லை. ஆனால் அதே கூட்டம் போராடியதால் டொயோட்டாவின் ராவ்4 மின்கார்கள் பல தப்பின. இந்த அமைப்புகள் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து 2011-இல் ஆரம்பித்த ஒரு நாள் நிகழ்ச்சிதான் பிறகு வளர்ந்து, பல நாள் ஊர் ஊராக நடப்பதாக ஆனது.

சரி, நம்பலாமா என்றால், என் காரையே சொல்கிறேன். 2015 நிசான் லீஃப். புதிதில் ஒரு சார்ஜுக்கு 84 மைல் என்று அரசுக் கணக்கு. யார் வந்தாலும் முதலில் ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, சார்ஜ் காட்டும் பட்டைக்கு வலது ஓரத்தில் இருக்கும் சின்னக் கோடுகளை எண்ணச் சொல்வேன். புதிதில் 12 இருக்கும். என்னுடையதில் 9. மூன்று கோடு போய்விட்டது, பேட்டரி அவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வண்டியில் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஏற்பாடு கிடையாது, வெயிலூரில் ஓடியது சீக்கிரம் தேயும். அதனால் பழைய லீஃப் வாங்கப் போனால், விலை கேட்கும் முன்னால் கோட்டை எண்ணுங்கள். போன வருடம் மதுரையிலிருந்து மகனைப் பார்க்க வந்திருந்த ஒரு ஐயா, எண்ணி முடித்துவிட்டு, “இத வச்சிக்கிட்டு ஒனக்குப் போதுதாம்மா?” என்று கேட்டார். என் ஆபீஸ் போக வர 26 மைல், போதும் ஐயா என்றேன். நூறு மைல் ஓட்டுகிறவர் கேட்டிருந்தால், இது வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். இதைச் சொல்லத்தான் சனிக்கிழமை வெயிலில் நிற்கிறேன்.

சன்னிவேல் குமரன்:
ரொம்ப நன்றி அக்கா. நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். சார்ஜுக்கு என்ன வழி?

ராத்திரி சார்ஜ்:
குமரன், கலிபோர்னியா சிவில் சட்டம் 1947.6 படித்துப் பாருங்கள். உங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் சார்ஜர் வைக்க எழுத்தில் கேட்டால், பொதுவாக வீட்டுக்காரர் அனுமதிக்க வேண்டும். செலவு நம்முடையது. ஐந்து வண்டிகூட நிறுத்த இடமில்லாத கட்டடத்துக்கு இது பொருந்தாது, இன்னும் சில விலக்குகளும் உண்டு. நான் அதுவரைக்கும் போகவில்லை. நிறுத்துமிடத் தூணில் சாதாரண 120 வோல்ட் பிளக் இருந்தது, அனுமதி வாங்கி அதிலேயே போடுகிறேன். மணிக்கு நாலு மைல் ஏறும், ராத்திரி பத்து மணி நேரத்துக்கு நாற்பது.

லீஃப் அக்கா, பிரீமாண்ட்:
அதேதான். குமரன், முதலில் உங்கள் தூணில் பிளக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சன்னிவேல் குமரன்:
இப்போதுதான் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன் அக்கா. பிளக் இருக்கிறது, ஆனால் பக்கத்து வண்டிக்காரர் தூணில்.