சுமோ கலைச்சொல்: ‘தச்சியாய்’ என்பதற்குத் தமிழில் என்ன?

ஹட்டன் (உடற்கல்வி ஆசிரியர்):

வணக்கம். உலகப் போர்க்கலை விளையாட்டுப் போட்டியின் சுமோ (ஜப்பானிய மல்யுத்தம்) ஆட்டங்களைத் தமிழில் விளங்கிப் பார்ப்பதற்கு ஒரு வழிகாட்டித் தாள் தயாராகிறது. 2010இல் பெய்ஜிங், 2013இல் சென் பீற்றர்ஸ்பேர்க், 2023இல் ரியாத் என்று மூன்று தடவை நடந்த போட்டி. மூன்றிலும் சுமோ இருந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் கபடியையும் கராத்தேயையும் கண்கொட்டாமல் பார்ப்பார்கள். சுமோ வந்தால் “ரெண்டு பேரும் தள்ளிக்கிறாங்க” என்பதோடு சரி. பெரும்பாலான ஆட்டங்கள் சில விநாடிகளில் முடிந்துவிடுவதால், எங்கே பார்ப்பது என்று முன்கூட்டியே தெரிந்தவருக்குத்தான் ஆட்டமே கண்ணில் படும். சொல் தெரிந்தால் இடம் தெரியும்.

பல சொற்கள் சிக்கலில்லாமல் அமைந்துவிட்டன. ஆடுகளத்துக்குக் ‘கோதா’, குஸ்திக்காரர்களிடம் ஏற்கெனவே உள்ள சொல். 4.55 மீற்றர் விட்டமுள்ள வட்டம் என்று விளக்கம் போட்டால் போதும். இடுப்பில் சுற்றிக் கட்டும் தடித்த பருத்தித் துணிக்குக் ‘கச்சை’. நடுவிலுள்ள இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு ‘ஊன்றுகோடு’. வெல்லும் முறைகளை ‘தள்ளி வெளியேற்றல்’, ‘கச்சை பிடித்து வெளியேற்றல்’, ‘தட்டி வீழ்த்தல்’ என்று வினையாகவே சொல்லிவிடலாம்.

தச்சியாய் மட்டும் நிற்கிறது. குந்தியிருக்கும் இருவரும் எழுந்து ஒருவர்மேல் ஒருவர் வரும் தொடக்கக் கணம் அது. பாதி ஆட்டம் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. ஒலிபெயர்ப்பாக விட்டால் பிள்ளைகள் அதை ஒரு வீரரின் பெயர் என்றே எடுத்துக்கொள்வார்கள். உங்கள் யோசனைகளை எழுதுங்கள்.

பண்டாரவளை (தமிழாசிரியை):

ஹட்டன் சேர், ‘முதல் மோதல்’ போதாதா? கேட்டவுடன் விளங்கும். புதுச்சொல் கட்ட வேண்டிய தேவையே இல்லாத இடத்தில் கட்டினால் அது ஏட்டோடு நின்றுவிடும்.

கண்டி (ஜூடோ நடுவர்):

டீச்சர் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் மோதல் என்பது அந்தக் கணத்தின் கடைசித் துண்டு மட்டுமே. முன்னால் என்ன நடக்கிறது என்று வரிசையாகப் பார்த்துவிட்டுத் தீர்மானிப்போம்.

இருவரும் கோதாவுக்குள் வந்து வணங்குகிறார்கள். குதிகாலை உயர்த்திக் குந்தி, கைதட்டி, இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து உள்ளங்கையைக் காட்டுகிறார்கள். கையில் ஆயுதம் இல்லை என்பது அதன் பொருள். தொழில்முறை சுமோவில் வரும் உப்பு வீசுதல் இங்கே கிடையாது. பிறகு ஊன்றுகோட்டுக்கு வருகிறார்கள். இரு கோடுகளுக்கும் நடுவே 70 சென்ரிமீற்றர்தான் இடைவெளி. கோட்டுக்குப் பின்னால் காலை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றுகிறார்கள். கை கோட்டைத் தாண்டக்கூடாது.

இங்கேதான் தொழில்முறையும் அமெச்சூரும் பிரிகின்றன. தொழில்முறையில் தொடங்கு என்று நடுவர் கட்டளை கொடுப்பதில்லை. மேல் பிரிவில் 4 நிமிடம் வரை ஒருவரையொருவர் முறைத்து, குந்தி, எழுந்து, கடைசியில் இருவரின் மூச்சும் ஒத்துவரும் கணத்தில் தாங்களாகவே எழுகிறார்கள். அமெச்சூரில் நடுவர் இருவருடைய கைகளும் தரையில் பட்டு அசையாமல் இருக்கிறதா என்று பார்த்து, ‘ஹக்கேயோய்’ என்று குரல் கொடுக்கிறார். அந்தக் குரலோடுதான் எழ வேண்டும். முன்னால் எழுந்தால் நிறுத்தி, மறுபடி கை ஊன்றச் சொல்வார்.

பிழைகளில் பெரும்பகுதி இந்த ஊன்றலில்தான். உடலின் பாரத்தை அதிகமாகக் கைமேல் போட்டால் முன்னால் சாய்ந்து, குரல் வருமுன்னே கால் கிளம்பிவிடும். அதற்குப் பயந்து பாரத்தை முழுக்கக் குதிகாலுக்குக் கொண்டுபோனால் குரல் வந்த பிறகும் உடல் எழப் பிந்தும். பாரம் முன்பாதத்தில் இருக்க, கை தரையை உணர்ந்தால் போதும். எழும்போது முதல் அடி சிறிதாக, பாதம் தரையை உரசியபடி போக வேண்டும். காலைத் தூக்கி வைத்தால் அந்த ஒரு நொடியில் ஒற்றைக்காலில் நிற்கிறீர்கள், எதிராளி தள்ளினால் தாங்காது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். விரிந்தால் எதிராளியின் இரு கைகளும் அக்குளுக்குக் கீழே புகுந்து கச்சையைப் பிடித்துவிடும், அதற்குப் பிறகு மீள்வது கடினம். இடுப்பு பின்தங்கித் தலை மட்டும் முன்னால் போனால் ‘தட்டி வீழ்த்தல்’ வரும். பாதம் தவிர்ந்த எது தரையைத் தொட்டாலும் தோல்விதானே.

இவ்வளவும் மோதுவதற்கு முன்னால் அல்லது மோதும்போதே நடப்பவை. முதல் மோதல் என்று பெயர் வைத்தால் பிள்ளைகள் நெஞ்சையும் தலையையும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கையையும் இடுப்பையும்.

தலவாக்கலை (நேர்முக வர்ணனை செய்பவர்):

அண்ணன் எழுதியதோடு இன்னொன்றைச் சேர்க்கிறேன். மோதலே இல்லாத தொடக்கமும் உண்டு. எழுந்தவர் நேராக வராமல் பக்கத்தில் விலகிவிடுவார், வந்தவர் வெறுங்காற்றில் போய் விழுவார். இது குற்றமில்லை. எடை வரம்பற்ற பிரிவில் இதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. நெடுங்காலமாக இருந்த அமெச்சூர் எடைப்பிரிவுகளில் ஆண்களுக்கு 85, 115 கிலோ எல்லைகள், பெண்களுக்கு 65, 80 கிலோ எல்லைகள். வரம்பற்ற பிரிவில் இவர்கள் எல்லோரும் ஒரே கோதாவில் இறங்கலாம். 80 கிலோ ஆள் 150 கிலோ ஆளோடு நேருக்கு நேர் மோதி என்ன பயன்?

மைக்கில் சொல்ல ‘பாய்ச்சல்’ நன்றாக இருக்கிறது. இரண்டே அசை, வேகம் இருக்கிறது, எல்லோருக்கும் தெரிந்த சொல்.

ஹட்டன்:

பாய்ச்சலில் எனக்கு இரண்டு தடை, தம்பி. பாய்வது ஒருவர் செய்யும் காரியம், தச்சியாயில் இருவரும் சேர்ந்து செய்கிறார்கள். ஒருவர் மட்டும் செய்தால் அதுவே பிழை. அடுத்தது, பாய்ச்சல் என்றதும் கால் தரையை விட்டுக் கிளம்பும் படம்தான் மனதில் வரும். கண்டி அண்ணன் சொன்ன உரசி வைக்கும் அடிக்கு அது நேரெதிர். பார்க்கிற பிள்ளை பெரட்டுக்களத்தில் (தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் இடம்) வட்டம் போட்டுச் செய்து பார்க்கும்போது அந்தச் சொல்லைக் கேட்டே குதிக்கும்.

ஜப்பானியச் சொல்லில் இருக்கும் இரண்டு கூறுகள் எழுவதும் சேர்வதும். மோதல் அதில் இல்லை. அப்படியானால் ‘ஒத்தெழல்’ என்று வைக்கலாமா? ஒத்து எழுவது. இதோடு ‘முந்தெழல்’ என்று ஒன்று கட்டலாம், குரலுக்கு முன்னால் கிளம்புவது. ‘பிந்தெழல்’ குரலுக்குப் பின் தாமதிப்பது. தலவாக்கலைத் தம்பி சொன்ன பக்கவாட்டு விலகலுக்கு ‘விலகெழல்’. ஒரே அச்சில் நான்கு சொல்.

ஹப்புத்தளை (தோட்ட இளைஞர் கழகம்):

முந்தெழல், பிந்தெழல் இரண்டும் அருமை. கயிறிழுத்தலில் விசிலுக்கு முன்னால் இழுக்கிற அணியை நிறுத்திக் கயிற்றை மறுபடி நடுவுக்குக் கொண்டுவருவது எல்லோருக்கும் பழக்கம். முந்தெழல் என்றால் விளக்கமே கேட்க மாட்டார்கள்.

ஒத்தெழல்தான் இடிக்கிறது. இங்கே பேச்சில் ‘ஒத்த’ என்றால் ஒற்றை. ஒத்தப் பிள்ளை, ஒத்தக் கால். மைக்கில் ஒத்தெழல் என்றால் ஒருவர் மட்டும் எழுந்தார் என்றே காதில் விழும். நமக்கு வேண்டியதற்கு நேர்மாறு. ஏட்டில் பார்த்தால் சரியாக இருக்கும், ஒலிபெருக்கியில் கேட்டால் தவறாகிவிடும்.

தலவாக்கலை:

உண்மை. சொல்லிப் பார்த்தேன், ‘த்தெ’ என்ற இடம் வேகமாகச் சொன்னால் ‘ஒத்த எழல்’ என்றுதான் வருகிறது.

பண்டாரவளை:

‘முதல் மோதல்’ என்ற என் யோசனையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். விலகி எழுவதை அந்தப் பெயருக்குள் அடக்க வழியில்லை என்பது தெளிவு.

ஒத்தெழலில் இலக்கணக் குறை இல்லை, ஆனால் ஹப்புத்தளைத் தம்பி சொன்ன தடை இலக்கணத்தைவிடப் பெரியது. ‘எதிரெழல்’ யோசித்தேன். கிளர்ச்சி என்ற வாடை அடிக்கிறது, விட்டுவிடலாம். ‘இணையெழல்’ மென்மையாக இருக்கிறது, நடனத்துக்குப் பொருந்தும்.

‘உடனெழல்’ பாருங்கள். உடன் என்றால் சேர்ந்து: உடன்பிறப்பு, உடன்படிக்கை. உடன் என்றால் தாமதமின்றி: வந்தவுடன், கேட்டவுடன். அமெச்சூர் சுமோவின் விதி கேட்பதும் இந்த இரண்டையும்தான். இருவரும் சேர்ந்து எழ வேண்டும், குரல் கேட்டவுடன் எழ வேண்டும். ஒரு சொல்லுக்குள் இரண்டும் இருக்கின்றன. ‘ன்’ மெல்லினம் ஆதலால் மைக்கில் ‘எ’ தெளிவாகக் கேட்கும். வினையாகவும் வரும்: உடனெழுந்தனர், உடனெழவில்லை.

கண்டி:

டீச்சர், இது நிற்கும். நடுவர் பக்கமிருந்து சோதித்துப் பார்க்கிறேன்.

குரல் வருமுன் ஒருவர் எழுந்தார்: முந்தெழல், உடனெழல் அமையவில்லை, மறுபடி ஊன்றல். இருவரும் ஒன்றாக, ஆனால் குரலுக்கு முன் எழுந்தார்கள்: சேர்ந்துதான் எழுந்தார்கள், கேட்டவுடன் எழவில்லை, ஆகவே இதுவும் உடனெழல் ஆகாது. ஒத்தெழல் என்று வைத்திருந்தால் இந்த இடத்தில் சொல்லும் விதியும் முரண்பட்டிருக்கும். ஒருவர் பிந்தினார்: நிறுத்த மாட்டார்கள், ஆட்டம் போகும், பிந்தியவருக்குத்தான் நட்டம். ஆகவே முந்தெழல் விதிப்பிழை, பிந்தெழல் ஆட்டப்பிழை. தாளில் இந்த வேறுபாட்டைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரு கை தரையைத் தொடவே இல்லை என்றால் அது முந்தெழலில் சேராது, ‘கை ஊன்றாமை’ என்று தனியாகப் போடுங்கள்.

5 நிமிடத்தில் முடிவு வராவிட்டால் மறுபடி ஆடும் ஆட்டத்துக்கு ‘மறுபிடி’ போதும். துணை நடுவர் கையை உயர்த்தி, எல்லோரும் கூடிப் பேசியும் யார் முதலில் விழுந்தார் என்று தீராவிட்டாலும் மறுபிடிதான். ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் மெத்தை விரித்த கோதா. களிமண் கோதாவில் வட்டத்துக்கு வெளியே சீவிவைத்த மணலில் குதிகால் பட்ட தடம் தெரியும், மெத்தையில் அந்தச் சாட்சி இல்லை. அதனால் துணை நடுவரின் கண்ணைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

ஹப்புத்தளை:

செய்முறைப் பகுதிக்கு ஒன்று. பெரட்டுக்களத்தில் கோதா போட நடுவில் ஒரு முளை அடித்து, 2 மீற்றர் 27.5 சென்ரிமீற்றர் கயிற்றில் சுற்றினால் வட்டம் கிடைக்கும். சுண்ணாம்புப் பொடியில் போட்டால் மத்தியான மழைக்கே கரைந்துவிடும். பழைய படங்கை நீளமாகக் கிழித்து, கயிறாக முறுக்கி, அடுப்புச் சாம்பலோ மணலோ நிரப்பாமல் அப்படியே பதித்து முளையடித்தால் நிற்கும், காலுக்கும் விளிம்பு தட்டுப்படும். ஈர மண்ணிலும் சீமெந்துத் தரையிலும் வீழ்த்தும் பயிற்சி வேண்டாம். ஊன்றலும் உடனெழலும் மட்டும் காட்டுங்கள், மோதாமல் ஓரடியோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

ஹட்டன்:

தாளில் போகும் பதிவு இது. திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

உடனெழல்: சுமோவில் இரு வீரர்களும் ஊன்றுகோட்டுக்குப் பின்னால் இரு கைகளையும் ஊன்றி அசையாதிருந்து, நடுவரின் குரல் கேட்டதும் ஒன்றாக எழுந்து ஆட்டத்தைத் தொடங்குதல். மோதியும் தொடங்கலாம், விலகியும் தொடங்கலாம். பார்ப்பவர் முதலில் கைகளையும், அடுத்து இடுப்பின் உயரத்தையும், அதன் பிறகே மோதும் இடத்தையும் கவனிக்க வேண்டும். தாழ்ந்த இடுப்போடு எழுந்தவருக்கு எதிராளியின் கச்சையில் பிடி கிடைக்கும்.

கிளைச்சொற்கள்: முந்தெழல், பிந்தெழல், விலகெழல், கை ஊன்றாமை.

தொழில்முறை சுமோவுக்கும் இதே சொல். அங்கே நடுவரின் குரலுக்குப் பதிலாக இருவரின் மூச்சு ஒத்துவருவதுதான் குறி என்று ஒரு வரி சேர்க்கிறேன்.

தலவாக்கலை:

குறிப்புத் தாளில் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிரிவு, கிழக்கு வீரர், மேற்கு வீரர் (இருவரும் இறங்கும் பக்கங்களின் பெயர்), தொடக்கம், வென்ற முறை என்று ஐந்து கட்டம் போடுங்கள் சேர். தொடக்கக் கட்டத்தில் உ, மு, பி, வி என்று ஓரெழுத்து எழுதினால் போதும், கை ஊன்றாமைக்கு கை. மு விழுந்தால் அதே கட்டத்தில் கோடு போட்டு அடுத்த எழுத்தை எழுதச் சொல்லுங்கள், ஒரே ஆட்டத்தில் இரண்டு தடவை நிறுத்துவதும் நடக்கும்.