பொருள்: 'காட் ஆஃப் த கேப்ஸ்': 'இடைவெளிக் கடவுள்' வேண்டாம், 'இட்டுநிரப்பு வாதம்' என்று வைப்போம்

அன்புள்ள குழுவினருக்கு,

நம் கலைச்சொல் தொகுப்புக்காக, 'காட் ஆஃப் த கேப்ஸ்' (God of the gaps) என்பதற்கு இந்த இழையில் இதுவரை மூன்று சொற்கள் வந்திருக்கின்றன: இடைவெளிக் கடவுள், நிரப்புக் கடவுள், அறியாமைக் கடவுள். மூன்றிலும் எனக்கு உடன்பாடில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் பரிந்துரையை வைக்கிறேன். மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சொல்லைத் தேடும் முன் கருத்தைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். அறிவியலால் இன்னும் விளக்க முடியாத ஓர் இடத்தைச் சுட்டி, 'இதற்கு வேறு காரணம் இருக்க முடியாது, கடவுள்தான்' என்று முடிப்பது ஒரு வகை வாதம். நாளைக்கே அந்த இடத்துக்கு விளக்கம் கிடைத்துவிட்டால், கடவுள் அங்கிருந்து காலி செய்ய வேண்டியதாகிவிடும். இந்த வாதமுறைக்கு வைத்த பெயர்தான் அது.

இதை நாத்திகர்கள் கேலிக்காக உண்டாக்கிய சொல் என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். வரலாறு அப்படியில்லை. ஸ்காட்லாந்து நாட்டு மதபோதகர் ஹென்றி டிரம்மண்ட் 1894இல் வெளியிட்ட பரிணாமம் பற்றிய நூலில், இயற்கையிலும் அறிவியல் நூல்களிலும் ஓட்டை தேடி அலைந்து அதில் கடவுளைப் போட்டு நிரப்பும் பக்தர்களைக் கண்டித்தார். கடவுள் ஓட்டைகளிலா குடியிருக்கிறார் என்பது அவர் கேள்வி. ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர், ஹிட்லர் ஆட்சியில் பெர்லினின் டேகல் சிறையில் இருந்தபோது, இயற்பியலாளர் வைட்ஸெக்கரின் நூல் ஒன்றைப் படித்துவிட்டு 1944 மே 29 அன்று நண்பருக்குக் கடிதம் எழுதினார். நம் அறிவு எட்டாத இடத்துக்குக் கடவுளை ஒப்புக்கு நிறுத்துவது தவறு, நாம் அறிந்தவற்றில்தான் அவரைக் காண வேண்டும் என்பது அதன் சாரம். அவர் ஆண்ட ஜெர்மன் சொல்லுக்கு, உரிய ஆள் கிடைக்காத இடத்தில் தற்காலிகமாக நிறுத்தப்படுபவர் என்று பொருள். அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அப்புறம் 1955இல், ஆக்ஸ்ஃபோர்டு கணிதப் பேராசிரியரும் மெதடிஸ்ட் கிறித்தவருமான சார்ல்ஸ் கூல்சன், அறிவியல் தோற்கும் இடத்தில் வந்து பொறுப்பேற்கும் கடவுள் என ஒருவர் இல்லை என்று எழுதினார். ஆங்கிலத் தொடர் பரவியதில் அவர் நூலுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆக, மூவருமே நம்பிக்கையாளர்கள். தம் பக்கத்து ஆட்களைப் பார்த்து, 'இப்படி வாதாடாதீர்கள், கடவுளைச் சிறுமைப்படுத்துகிறீர்கள்' என்று சொன்னவர்கள். 'அறியாமைக் கடவுள்' என்ற பரிந்துரையை நான் தள்ளுவதற்கு இதுவே காரணம். அந்தச் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பக்தர்களை அறிவிலிகள் என்று திட்டுவதுபோல ஆகிவிடுகிறது. கூல்சனின் நூலை ஒருவர் தமிழாக்கினால் அந்தச் சொல்லை எப்படி அவர் வாயில் வைப்பார்?

'நிரப்புக் கடவுள்' கணக்கு வாத்தியார்களுக்கு உடனே இடிக்கும். நிரப்புக் கோணங்கள், நிரப்புக் கணம் என்று நம் பாடநூல்களில் 'நிரப்பு' வேறு பொருளில் ஊன்றிவிட்டது. கடவுளும் அறிவியலும் சேர்ந்து 90 பாகை ஆவதுபோல ஒரு பொருள் தொனிக்கும். விட்டுவிடலாம்.

'இடைவெளிக் கடவுள்'தான் பலருக்குப் பிடித்திருக்கிறது. நேரடியாக இருக்கிறது, சுருக்கமாகவும் இருக்கிறது. ஆனால் தமிழில் 'வெளி' என்பது வெறும் ஓட்டை இல்லை. சிதம்பரம் ஐம்பூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரியது. அங்கே திரையை விலக்கிக் காட்டும்போது தெரிவது பொன் வில்வ மாலை மட்டும். உருவம் ஏதும் இல்லை. அந்த வெளியைத்தான் இறைவனாக வணங்குகிறார்கள். சித்தர் மரபில் வெட்டவெளிக்கு எவ்வளவு உயர்ந்த இடம் என்பதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். இந்தப் பின்புலம் உள்ள வாசகர் 'இடைவெளிக் கடவுள்' என்று படித்ததும் ஏதோ ஓர் ஆழ்ந்த தத்துவம் என்றே நினைப்பார். நாம் குறிக்க வந்ததோ பலவீனமான ஒரு வாதத்தை.

இன்னொன்று, மூன்று பரிந்துரைகளுமே 'கடவுள்' என்று முடிகின்றன. இது யாரும் கும்பிடும் ஒரு தெய்வத்தின் பெயரா? இல்லை, வாதாடும் முறையின் பெயர். ஆங்கிலத்தில் அப்படி அமைந்துவிட்டது என்பதற்காக நாமும் அதே அச்சில் வார்க்க வேண்டியதில்லை.

எனவே என் பரிந்துரை: இட்டுநிரப்பு வாதம்.

'இட்டு நிரப்புதல்' நாம் அன்றாடம் புழங்கும் தொடர். ஆள் போதவில்லை என்றால் கையில் கிடைத்தவரை வைத்து இட்டு நிரப்புகிறோம். பக்கம் போதவில்லை என்றால் எதையாவது எழுதி இட்டு நிரப்புகிறோம். உரியது கிடைக்காதபோது இருப்பதைப் போட்டு ஒப்பேற்றுவது என்ற குறிப்பு அதில் ஏற்கெனவே இருக்கிறது. போன்ஹோஃபரின் ஜெர்மன் சொல்லும் இதே பொருளைத்தான் தருகிறது. யாரையும் வையவும் இல்லை.

சொல் வேலை செய்கிறதா என்று ஓர் உண்மையான எடுத்துக்காட்டில் போட்டுப் பார்ப்போம். எல்லோரும் முதலில் எடுப்பது நியூட்டனைத்தான், நானும் அவரையே எடுக்கிறேன். கோள்கள் சூரியனால் மட்டும் இழுக்கப்படுவதில்லை, ஒன்றையொன்றும் இழுத்துக்கொள்கின்றன. ஒளியியல் நூலின் இறுதியில் சேர்த்த வினாக்களில் ஒன்றில் நியூட்டன், வால்மீன்களும் கோள்களும் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசையால் சிறு ஒழுங்கின்மைகள் உண்டாகி, அவை பெருகிப் பெருகி, இந்த அமைப்பையே சீர்திருத்த வேண்டிய நிலை வரும் என்று எழுதினார். சீர்திருத்துபவர் யார் என்பதில் அவருக்கு ஐயம் இல்லை. ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ் 1715இல் இதைப் பிடித்துக்கொண்டார். அவ்வப்போது சாவி கொடுக்க வேண்டிய கடிகாரத்தையா கடவுள் செய்து வைத்தார் என்று கேட்டார். கவனியுங்கள், லைப்னிட்ஸும் ஆழ்ந்த இறைநம்பிக்கை உள்ளவர்.

அந்தக் காலத்தில் உண்மையிலேயே ஒரு சிக்கல் இருந்தது. பழைய பதிவுகளோடு ஒப்பிட்டால் வியாழன் வேகம் கூடிக்கொண்டே போவதுபோலவும், சனி வேகம் குறைந்துகொண்டே வருவதுபோலவும் தெரிந்தது. இப்படியே போனால் என்ன ஆகும்? 1780களில் பிரெஞ்சுக் கணிதவியலாளர் லாப்லாஸ் கணக்கை அவிழ்த்தார். வியாழனின் சுற்றுக்காலம் சுமார் 11.86 ஆண்டு, சனியின் சுற்றுக்காலம் சுமார் 29.46 ஆண்டு. வியாழன் 5 முறை சுற்றும் காலம் 59.3 ஆண்டு, சனி 2 முறை சுற்றும் காலம் 58.9 ஆண்டு. ஏறக்குறைய ஒன்று, ஆனால் முழுக்க ஒன்றில்லை. இந்த நூலிழை வித்தியாசத்தால் இழுவிசையின் விளைவு ஒரே திசையில் பல நூறாண்டு சேர்ந்துகொண்டே போய், பிறகு எதிர்த்திசையில் திரும்புகிறது. முழுச் சுழற்சிக்குச் சுமார் 900 ஆண்டு. மனிதர்கள் பார்த்தது அதன் ஒரு துண்டை மட்டும். யாரும் வந்து சாவி கொடுக்கத் தேவைப்படவில்லை.

நியூட்டனின் கவலை முட்டாள்தனமானது என்று யாரும் எண்ண வேண்டாம். பல நூறு கோடி ஆண்டுக் கணக்கில் உட்கோள்களின் பாதை உறுதியானது இல்லை என்பது இன்றைய கணினிக் கணக்குகளில் தெரிகிறது. அவர் கண்ட சிக்கல் உண்மையானது. அதை முடித்த விதம்தான் இட்டுநிரப்பு வாதம்.

'கோள்களின் ஒழுங்கின்மையை நியூட்டன் இறைவனைக் கொண்டு இட்டு நிரப்பினார்' என்று வினையாகவும் எழுத முடிகிறது பாருங்கள். 'இடைவெளிக் கடவுள்' என்று வைத்தால் இப்படி வினை கிடைக்காது. கலைச்சொல் ஒன்று நிலைப்பதற்கு இது மிக முக்கியம் என்பது என் கருத்து. பெயராக மட்டும் நிற்கும் சொற்கள் அகராதியிலேயே தங்கிவிடுகின்றன.

ஈழத்து நண்பர் தனிமடலில் ஒரு தடை எழுப்பினார். இரங்கல் செய்திகளில் 'இட்டு நிரப்ப முடியாத வெற்றிடம்' என்று மரியாதையாக எழுதுகிறோமே, அப்படியானால் இந்தத் தொடர் எப்படிக் குறை சொல்லும் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அங்கே மரியாதை 'முடியாத' என்பதில் இருக்கிறது. யாரையாவது போட்டு ஒப்பேற்றிவிட முடியாத அளவு பெரியவர் என்கிறோம். ஒப்பேற்றும் குறிப்பு அங்கேயும் அப்படியே இருக்கிறது.

மருத்துவர் ஐயா எழுப்பிய தடை கனமானது. அறிவியலாளர்களும் ஓட்டையை நிரப்பத்தானே செய்கிறார்கள், அதுவும் இட்டுநிரப்பு வாதமா என்கிறார். யுரேனஸ் கணக்குப்படி நகராதபோது பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே அதற்கு அப்பால் ஒரு கோள் இருக்க வேண்டும் என்றார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் வானியலாளர் கால்லே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது. அதே லெ வெரியே 1859இல் புதனின் பாதை நகர்வில் மிஞ்சிய சிறு பிசகுக்கும் சூரியனுக்கும் புதனுக்கும் இடையே ஒரு கோள் உண்டென்றார். வல்கன் என்று பெயரும் வைத்தார்கள். தேடித் தேடிப் பார்த்தும் இல்லை. நூறாண்டுக்கு 43 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு) அளவிலான அந்தப் பிசகுக்கு 1915இல் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை விடை தந்தது. வல்கன் தோற்றது, ஆனால் தோற்கும்படி அதை முன்வைத்தார்கள். எங்கே பார்க்க வேண்டும், என்ன தெரியாவிட்டால் கைவிட வேண்டும் என்று சொல்ல முடிந்தது. இட்டுநிரப்பு வாதத்தில் அந்த வழி கிடையாது. வரையறையில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் ஐயாவின் தடை நீங்கும் என்று நினைக்கிறேன்.

இது பழங்கதை இல்லை என்பதற்கு அமெரிக்காவின் டோவர் வழக்கு. பெனிசில்வேனியாவில் ஒரு பள்ளி வாரியம் உயிரியல் வகுப்பில் 'அறிவார்ந்த வடிவமைப்பு' (உயிர்களை ஓர் அறிவுள்ள சக்தி வடிவமைத்தது என்னும் கருத்து) பற்றி அறிவிப்பு வாசிக்கச் சொன்னது. பாக்டீரியா நகர உதவும் வால் போன்ற கசையிழை படிப்படியாகத் தோன்றியிருக்க முடியாத அளவு சிக்கலானது என்று உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி சாட்சி சொன்னார். எதிர்த்து, அதன் சில உறுப்புகள் வேறு வேலைக்கு ஏற்கெனவே பயன்படுவதைக் காட்டியவர் உயிரியலாளர் கென்னத் மில்லர். அவர் ஒரு கத்தோலிக்கர். 2005 டிசம்பர் 20 அன்று நீதிமன்றம் அந்த அறிவிப்புக்குத் தடை விதித்தது. இந்தச் சண்டையை 'அறிவியலா கடவுளா' என்று தமிழில் எழுதுகிறார்கள், அது பிழை. பீஹியும் கத்தோலிக்கர்தான். இட்டுநிரப்பு வாதத்தை ஏற்பவருக்கும் ஏற்காதவருக்கும் இடையே நடந்தது அது. நமக்குச் சரியான சொல் இருந்திருந்தால் இப்படி எழுதவே வராது.

ஆகவே தொகுப்பில் தலைச்சொல்லாக 'இட்டுநிரப்பு வாதம்' இருக்கட்டும். கடவுளைச் சொல்லியே ஆக வேண்டிய வாக்கியங்களில் 'இட்டுநிரப்பும் கடவுள்' என்று எழுதலாம். 'வாதம்' வடசொல் என்பவர்கள் 'வழக்கு' என்று மாற்றச் சொல்லக்கூடும்; அது நேரே நீதிமன்றத்துக்குப் போய்விடும் என்பதால் வேண்டாம் என்கிறேன்.

'இட்டு'க்கும் 'நிரப்பு'க்கும் இடையே இடம் விடலாமா, சேர்த்து எழுதலாமா என்பது பற்றி இலக்கணம் அறிந்தவர்கள் சொல்லுங்கள். வினையில் பிரித்தும் கலைச்சொல்லில் சேர்த்தும் எழுதியிருக்கிறேன். கூல்சன் கட்டுரையின் மொழிபெயர்ப்பு மெய்ப்புக்குப் போகும் முன் இதை முடிவு செய்தால் நல்லது.

அன்புடன்,
தொகுப்பாளர்