உப்பளத்து மண்ணிலிருந்து 55 டிகிரியில் வளரும் பாக்டீரியா: இதை உப்பளத்து வெப்ப விரும்பி என்று எழுதலாமா?

நெய்தல் மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நான் நுண்ணுயிரியலில் முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். ஊர் வாலிநோக்கத்துக்குப் பக்கம். வெப்பத்தை விரும்பும் நுண்ணுயிரிகளின் நொதிகள்தான் என் தலைப்பு. பதிவு செய்தபோது இமாச்சலத்தின் மணிகரண், மேற்கு வங்கத்தின் பக்ரேஷ்வர் ஆகிய வெந்நீர் ஊற்றுகளிலிருந்து மாதிரி எடுப்பதாகத் திட்டமிட்டிருந்தோம். பயண நிதி வரவில்லை; இனி வரும் என்றும் தோன்றவில்லை. நம் கடற்கரையில் வெந்நீர் ஊற்று எதுவும் கிடையாது. இராமேசுவரத்து அக்னி தீர்த்தத்துக்குப் பெயரில் மட்டுமே நெருப்பு உண்டு.

எனவே சித்திரை வெயிலில் உப்பளப் பாத்தியின் வரப்போரத்து மண்ணை எடுத்துவந்து, நுண்ணுயிரி வளர்க்கும் சாதாரண நியூட்ரியன்ட் அகார் தட்டுகளில் (கடற்பாசிப் பசையால் இறுகிய ஊட்டக்கூழ்) பரப்பி, 55 டிகிரி செல்சியஸில் வைத்தேன். இரண்டே நாளில் நன்றாக வளர்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்று மாவுச்சத்தை மிக வேகமாகச் சிதைக்கிறது. அயோடின் ஊற்றினால் அதைச் சுற்றிப் பெரிய தெளிந்த வளையம் தெரிகிறது. பாக்டீரியாக்களை இனங்காண உதவும் 16எஸ் மரபணுவின் வரிசை அதை ஜியோபேசில்லஸ் பேரினத்தில் வைக்கிறது. என் வழிகாட்டிக்கு மகிழ்ச்சி. ‘உப்பளத்திலிருந்து புதிய வெப்ப விரும்பி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதத் தொடங்கச் சொல்லிவிட்டார்.

ஆனால் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. வளர்ப்பூடகத்தில் ஐந்து விழுக்காடு உப்பைச் சேர்த்தாலே இந்தப் பாக்டீரியா வளர்வதில்லை. கடல்நீரிலேயே மூன்றரை விழுக்காடு உப்பு இருக்கிறது. உப்பு பூக்கும் பாத்தியிலோ இருபத்தைந்து விழுக்காட்டைத் தாண்டிவிடுகிறது. அப்படியிருக்க, இது அங்கே எப்படி வாழ்ந்தது? இரண்டாவதாக, எங்களிடம் புரதத்தைத் தூய்மைப்படுத்தும் பெரிய கருவிகள் இல்லை. இந்த நிலையில், மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதியைப் பற்றி நம்பத்தகுந்த வகையில் என்னதான் செய்ய முடியும்? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய ஆய்வாளர்:

உங்களுக்கு வந்த உறுத்தல் மிகச் சரியானது, அதைக் கட்டுரைக்காக அடக்கிவிடாதீர்கள். 55 டிகிரியில் செழித்து வளர்கிறது என்றால் அது வெப்ப விரும்பிதான், அதில் ஐயமில்லை. அது உப்பளத்தில் வாழ்ந்ததா என்பதற்குத்தான் உங்களிடம் இன்னும் ஒரு சான்றும் இல்லை.

ஜியோபேசில்லஸ், சூழல் ஒவ்வாதபோது தடித்த உறைக்குள் வித்துகளாக உறங்கக்கூடிய பேரினம். இதன் வித்துகள் காற்றோடும் தூசியோடும் எங்கும் போய் விழுகின்றன. குளிர் நாடுகளின் தோட்ட மண்ணிலிருந்தும் இதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். அந்த வித்துகளின் பிடிவாதம் உங்களுக்குத் தெரிந்ததே: அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் 121 டிகிரியில் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று சோதிக்க ஜியோபேசில்லஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் வித்துகளைத்தான் உள்ளே வைக்கிறோம். எங்கோ ஓர் எருக்குழியில் பிறந்த வித்து உங்கள் பாத்தி வரப்பில் பல ஆண்டுகள் கிடந்து, நீங்கள் இன்குபேட்டரில் வைத்த அன்றுதான் கண்விழித்திருக்கக்கூடும்.

இதைப் பிரித்தறியப் பணம் தேவையில்லை. மண் மாதிரியை நீரில் கலக்கி இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதியை 80 டிகிரியில் பத்து நிமிடம் வைத்துவிட்டு, இரண்டையும் ஒரே அளவுக்கு நீர்த்துத் தட்டுகளில் பரப்புங்கள். அந்தச் சூட்டில் வளர்நிலைச் செல்கள் பெரும்பாலும் இறந்துவிடும், வித்துகள் இறக்கமாட்டா. இரண்டு எண்ணிக்கைகளும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், மண்ணில் இருந்தவை வித்துகளே என்று கொள்ள வேண்டும். கூடவே, எதையும் பரப்பாத வெறும் தட்டுகளையும் அதே 55 டிகிரியில் வைத்துப் பாருங்கள். ஆட்டோகிளேவில் தப்பிய வித்து 37 டிகிரித் தட்டில் காட்டிக்கொடுக்காமல் இருந்துவிட்டு, 55 டிகிரியில்தான் வெளியே வரும். நான் மாணவனாக இருந்த ஆய்வகத்தில் அப்படி வந்த ஒரு பாக்டீரியாவோடு எட்டு மாதம் குடும்பம் நடத்தினேன். பெயர்கூட வைத்திருந்தேன்.

மாதிரி எடுத்த இடத்தின் வெப்பநிலையை நீங்கள் குறிப்பிடவே இல்லை என்பதையும் கவனித்தேன். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் தாமஸ் பிராக் 1960களில் வெந்நீர் ஊற்றுகள் நிறைந்த யெல்லோஸ்டோன் பூங்காவில் வேலை செய்தபோது, ஊற்றிலிருந்து நீர் வழிந்தோடும் வாய்க்கால் நெடுகிலும் எந்த வெப்பநிலையில் எது வளர்கிறது என்று பார்த்துக்கொண்டே போனார். கொதிக்கும் ஊற்றுகளில் கண்ணாடிச் சில்லுகளைத் தொங்கவிட்டு, அவற்றின்மேல் செல்கள் அங்கேயே பெருகுவதைக் காட்டினார்கள். அங்கே கிடைத்த தெர்மஸ் அக்வாட்டிகஸ் பாக்டீரியாவும், அதன் நொதி டிஎன்ஏவை நகலெடுக்கும் பிசிஆர் முறைக்கு வந்த கதையும் எல்லோருக்கும் தெரியும்; அதற்கு முன்னால் நடந்த இந்த எளிய வேலைதான் நமக்குப் பாடம்.

‘புதிய’ என்ற சொல்லிலும் அவசரம் வேண்டாம். 16எஸ் ஒப்புமை 98.7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் புதிய சிற்றினம் என்று ஐயப்பட இடமுண்டு; அதற்கு மேல் இருந்தால் 16எஸ்ஸை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முறைப்படி பெயரிட வேண்டுமானால் இரு வேறு நாடுகளின் வளர்ப்புச் சேகரங்களில் ஒப்படைக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்பும் நிலை வந்தால் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளை முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

உப்பளத்தின் உண்மையான குடிகளைப் பார்க்க வேண்டுமானால், உப்பு விளையும் பருவத்தில் செந்நிறமாக மாறும் நீரைப் பாருங்கள். அதிலுள்ள உப்பு விரும்பி ஆர்க்கியாக்களில் (பாக்டீரியா போலத் தோன்றினாலும் வேறு வகை நுண்ணுயிரிகள்) பல 40 முதல் 50 டிகிரிக்குள் மிக நன்றாக வளர்கின்றன. அவற்றின் புரதங்கள் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் மிகுந்தவை. உப்பை எடுத்துவிட்டால் பல புரதங்கள் மடிப்புக் குலைந்துவிடும். தலைப்பைச் சற்றே திருப்ப வழிகாட்டி ஒப்புக்கொண்டால், அந்தத் திசையில் நீங்கள் போகலாம்.

நொதிக்காரர்:

மேலே ஐயா சொன்னதில் எனக்கு மாறுபாடில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு மட்டும் வருகிறேன். பாக்டீரியா எங்கே வாழ்ந்தது என்பது தெளிவாகாவிட்டாலும் நொதி நொதிதான். அதை நேர்மையாக அளந்து எழுதினால் அது வீண் போகாது.

அமைலேஸ் செல்லுக்கு வெளியே சுரக்கப்படுவதால் செல்லை உடைக்க வேண்டியதில்லை. வளர்ப்பு நீரைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றிச் செல்களை நீக்கிவிட்டு, அமோனியம் சல்ஃபேட்டால் புரதத்தை வீழ்படிவாக்கி, டயாலிசிஸ் (சவ்வுப் பையில் வைத்து உப்பை நீக்குவது) செய்தாலே அடிப்படை அளவீடுகளுக்குப் போதும். பின்னாளில் மரபணுவை ஈ. கோலையில் குளோன் செய்தால் இன்னொரு வசதி கிடைக்கும்: உடைத்த செல் சாற்றை 65 டிகிரியில் இருபது நிமிடம் வைத்தால், ஓம்பியான ஈ. கோலையின் புரதங்களில் பெரும்பகுதி திரிந்து அடியில் படிய, உங்கள் நொதி மேலே தெளிவில் நிற்கும். பாலைத் திரித்து வடிப்பது போன்ற வேலைதான்.

இத்துறையில் புதியவர்கள் தடுக்கி விழும் இடம் பஃபர், அதாவது அமில-கார அளவை (பிஎச்) நிலையாக வைக்கும் கரைசல். ட்ரிஸ் பஃபரின் பிஎச் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.03 குறைகிறது. அறையில் 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்த பஃபர், 65 டிகிரியில் 6.9 பக்கம் வந்து நிற்கும். வெப்பத்தால் நொதியின் வேகம் மாறியதாக நீங்கள் வரைபடம் போடுவீர்கள், உண்மையில் பிஎச்சும் சேர்ந்து மாறியிருக்கும். பாஸ்பேட் இவ்வளவு மாறாது. ஆனால் ஆல்ஃபா அமைலேஸின் கட்டமைப்பைத் தாங்கிப்பிடிப்பது கால்சியம் அயனி, பாஸ்பேட் அந்தக் கால்சியத்தை வீழ்படிவாக்கிவிடும். ஹெப்பீஸ் அல்லது மாப்ஸ் பஃபரை எடுத்துக்கொண்டு, எந்த வெப்பநிலையில் அளக்கிறீர்களோ அதே வெப்பநிலையில் பிஎச்சைச் சரிசெய்யுங்கள். நொதி சேர்க்காத கட்டுப்பாட்டுக் குழாயை ஒவ்வொரு வெப்பநிலைக்கும் தனித்தனியாக வையுங்கள்.

அடுத்தது, ‘உகந்த வெப்பநிலை’ என்ற ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். பத்து நிமிடச் சோதனையில் 75 டிகிரி உச்சமாகத் தெரியும் நொதி, அதே 75 டிகிரியில் அரை மணி நேரத்தில் செத்துப்போகலாம். மாவுச்சத்து இல்லாமல் நொதியை மட்டும் சூட்டில் வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சிறிது எடுத்து, ஐஸில் வைத்து, எல்லாவற்றையும் ஒரே வெப்பநிலையில் அளந்து, செயல்திறன் பாதியாகும் நேரத்தை, அதாவது அரை ஆயுளைக் கணக்கிடுங்கள். உங்கள் துறையில் ரியல்-டைம் பிசிஆர் கருவி இருந்தால், சைப்ரோ ஆரஞ்சு சாயத்தைக் கொண்டு உருகுநிலையையும் (புரதத்தின் மடிப்புக் குலையும் வெப்பநிலை) பார்க்கலாம். 95 டிகிரிக்கு மேல் அது காட்டாது, உங்களுக்கு அது தடையாக இராது என்று நினைக்கிறேன்.

பாக்டீரியா எந்தச் சூட்டை விரும்புகிறதோ நொதியும் அதையே விரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் ஏறத்தாழ 50 டிகிரிக்கு மேல் தடுமாறும் சாதாரணப் பாக்டீரியா. அதன் அமைலேஸோ 90 டிகிரியில் மாவுச்சத்து ஆலைகளில் வேலை செய்கிறது. அயன் இணைப்புகள் கூடுதலாக இருப்பது, உள்ளகம் நெருக்கமாகப் பொதிந்திருப்பது, புரதச் சங்கிலியின் வெளிக் கண்ணிகள் குட்டையாக இருப்பது என்று வெப்பத் தாங்குதிறனுக்குப் பல காரணங்களைப் பாடநூல்கள் சொல்லும். ஒவ்வொரு குடும்பமும் தனக்கு வாய்த்த வழியில் அதைச் செய்திருக்கிறது. கணினி கணித்துத் தரும் ஆல்ஃபாஃபோல்டு புரத மாதிரியை மட்டும் பார்த்து ‘இதனால்தான் நிலைத்தன்மை’ என்று ஒரு பத்தி எழுதும் பழக்கம் இப்போது பெருகிவிட்டது; அந்தப் படம் உருகுநிலையைச் சொல்லாது.

வெந்நீர் ஊற்று இல்லையே என்ற வருத்தமும் வேண்டாம். தண்ணீர் பாட்டில்கள் செய்யும் பெட் பிளாஸ்டிக்கைச் சிதைக்கும் நொதிகளில் இன்று அதிகம் பேசப்படுவது, ஒசாகாவில் இலைதழைக் கம்போஸ்ட்டின் டிஎன்ஏவிலிருந்து எடுக்கப்பட்டு 2012இல் வெளியானது. அதைப் பிரெஞ்சு ஆய்வாளர்கள் மாற்றியமைத்து, 72 டிகிரியில் பத்து மணி நேரத்தில் பெட்டின் 90 விழுக்காட்டைச் சிதைத்துக் காட்டியது 2020இல். அந்தச் சூட்டில்தான் பெட் இளகி நொதிக்கு இடம் கொடுக்கிறது. (இதைக் கேட்டதும் கரையில் ஒதுங்கும் வலைகளுக்கும் தீர்வு கிடைத்தது என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். நம் வலைகள் பெரும்பாலும் நைலான், பெட் அல்ல.)

சாயல்குடியான்:

தங்கைக்கு வணக்கம். நான் வேதியியல் படித்தவன், உங்கள் துறை எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாவட்டத்தில் சூடான மண்ணைத் தேடுகிறவர்கள் கடற்கரையையே சுற்றிக்கொண்டிருப்பது ஏன் என்று புரியவில்லை. சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர்ப் பக்கம் சீமைக் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறார்களே, அது நினைவுக்கு வரவில்லையா? என் தந்தை அந்தத் தொழிலில் இருந்தவர். விறகை அடுக்கி, மேலே வைக்கோலோ தழையோ பரப்பி, ஈர மண்ணால் மெழுகித் தீ வைத்தால், உள்ளே பல நாள் கனன்றுகொண்டிருக்கும். முதலில் கிளம்பும் வெள்ளைப் புகையில் பெரும்பகுதி விறகின் ஈரம் ஆவியாகப் போவதுதான். அதனால் மேல்மண் சூடாகவும் ஈரமாகவும் இருக்கும். ஆண்டுதோறும் ஒரே களத்தில் போடுபவர்களும் உண்டு.

உள்ளே நெருப்பில் எதுவும் பிழைக்காது என்பது எனக்கும் தெரியும். ஆனால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வர வர, நீங்கள் கேட்கும் எல்லா வெப்பநிலையும் எங்காவது ஓரிடத்தில் இருந்தே தீரும். நெருங்கும்போது எச்சரிக்கை தேவை: கார்பன் மோனாக்சைடு வரும், புகை நம்மேல் வராதபடி காற்று வரும் திசையில் நின்றுதான் மண் எடுக்க வேண்டும், தனியாகப் போகக் கூடாது.

பழைய ஆய்வாளர்:

சாயல்குடியான் சொன்ன யோசனை எனக்குத் தோன்றவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதற்கு முன்னோடியும் உண்டு: தெர்மோபிளாஸ்மா என்ற ஆர்க்கியா, தானே கனன்றுகொண்டிருந்த நிலக்கரிக் கழிவுக் குவியலிலிருந்துதான் முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது, 1970இல் வெளியானது, பிராக்கின் குழுதான். அது கடும் அமிலச் சூழல். கருவேலச் சாம்பலோ காரம். ஆகவே அதே உயிரியை எதிர்பார்க்காதீர்கள். பிஎச்சை அளந்து, அதற்கேற்ப ஊடகத்தை மாற்றுங்கள். ஒரு மூட்டம் சில நாட்களே சூடாக இருக்கும் என்பதால், வித்துகளா வளரும் செல்களா என்ற கேள்வி அங்கேயும் உங்களை விடாது. கண்ணாடிச் சில்லுகளைப் புதைத்துப் பாருங்கள்.

65 டிகிரிக்கு மேல் போவதாக இருந்தால் அகார் தட்டுகள் நீர்விட்டுக் காய்ந்துவிடும். ஜெல்லன் பசைக்கு மாறுங்கள், மக்னீசியமோ கால்சியமோ சேர்க்காவிட்டால் அது நன்றாக இறுகாது. நம் பெண்கள் பாம்பன் பக்கம் மூழ்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் கஞ்சிப்பாசியிலிருந்தும் அகார் எடுக்கப்படுகிறது என்பதால், எனக்கு அதைக் கைவிடச் சொல்லச் சற்று மனமில்லை. வேறு வழியுமில்லை.

நெய்தல் மாணவி:

எல்லோருக்கும் நன்றி. ஆறு நாட்கள் கழித்து எழுதுகிறேன், ஏனெனில் சோதனைகளை முடித்துவிட்டு வர வேண்டும் என்று நினைத்தேன்.

வெறும் தட்டுகளில் எதுவும் வளரவில்லை. எங்கள் ஆட்டோகிளேவ் குற்றமற்றது. பிற்பகல் இரண்டு மணிக்கு வரப்பு மண்ணின் மேற்பரப்பு 51 டிகிரி, ஒரு சாண் ஆழத்தில் 36, பாத்தி நீர் 39. மேல்மண் அந்த நேரத்தில் பொடியாக உலர்ந்திருந்தது. 80 டிகிரியில் வைத்த பாதியிலும் வைக்காத பாதியிலும் எண்ணிக்கை ஏறத்தாழ ஒன்றாகவே வந்தது. மூன்று முறை திரும்பச் செய்தும் அப்படியே. ஆக, நான் மாதிரியில் கண்டவை வித்துகள். வழிகாட்டியிடம் இந்த எண்களைக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, தலைப்பிலிருந்து உப்பளத்தையும் ‘புதிய’ என்பதையும் எடுத்துவிட்டு அமைலேஸின் அரை ஆயுளை முடிக்கச் சொன்னார். என் ட்ரிஸ் பஃபர் அளவீடுகள் அனைத்தையும் திரும்பச் செய்ய வேண்டும். அது இரண்டு மாத வேலை.

சாயல்குடி அண்ணனுக்கு ஒரு கேள்வி. எங்கள் ஆய்வகத்து வெப்பமானி 110 டிகிரி வரைதான் காட்டும், கண்ணாடியாலானது. மூட்டத்தின் ஓரத்து மண்ணில் அதைச் செருகலாமா, அல்லது தெர்மோகப்பிள் கம்பியை இரவல் வாங்கிக்கொண்டு வர வேண்டுமா?

சாயல்குடியான்:

கம்பியையே வாங்கி வாருங்கள், கண்ணாடி தாங்காது. வரும் வியாழக்கிழமை எங்கள் உறவினர் ஒருவர் புதிய மூட்டத்துக்குத் தீ வைக்கிறார். அவரிடம் சொல்லிவிட்டேன், மெழுகும்போதே சில்லுகளைப் புதைத்துக்கொள்ளலாம், ஆனால் மூட்டத்தில் ஓட்டை மட்டும் விழக் கூடாது, காற்றுப் புகுந்தால் கரி முழுவதும் சாம்பலாகிவிடும் என்கிறார். உங்கள் தந்தையையோ உடன் படிப்பவரையோ அழைத்துக்கொண்டு காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள்.